காய்ச்சல் தொடங்கிய நாள்

மேலகரம், தென்காசி
24.8.2025, ஞாயிறு

மதிப்புக்குரிய இந்திராணி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்வாதியின் அம்மா கோமதியம்மாள். கோலாலம்பூரில் உங்கள் மகள் எழில்மதியோடு ஒரே வீட்டில் தங்கி வேலை பார்த்தாளே, அந்த ஸ்வாதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்களுக்கும் உங்கள் வீட்டு அண்ணாச்சிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? உங்களுக்குக் காது கேட்காது, எழுதினால்தான் உண்டு என்று எழில் சொன்னாள். எனக்குப் போனில் தமிழ் அடிக்க வராது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஸ்வாதி கல்யாணத்துக்கென்று எழில் ஏழாம் தேதியே வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் ஆசை தீரக் குளித்தாள். அதில்தானோ என்னவோ காய்ச்சல் கண்டுவிட்டது. ரெண்டு நாள் பார்த்தோம், விடவில்லை. நேற்றுத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். குளுக்கோஸ் ஏறுகிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. நானே கூட இருக்கிறேன்.

நீங்கள் தைரியமாக இருங்கள்.

இப்படிக்கு,
நம்பிராஜன் கோமதியம்மாள்


தைப்பிங், மலேசியா
24.8.2025, இரவு

திருமதி கோமதியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. முன்பின் பார்க்காத என்னிடம் நலம் விசாரித்ததற்கு நன்றி. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்புக்கு நான்தான் காரில் அழைத்துப் போக வேண்டும். ஒரு முறை தவறினாலும் ஆபத்து. எழில் எங்களுக்கு ஒரே பிள்ளை. இப்போதே விமானம் ஏற வேண்டியவள், நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரத்தம் பார்த்தார்களா? டெங்கியா? எங்கள் பள்ளியில் ஒரு மாணவனை டெங்கியில் பறிகொடுத்திருக்கிறோம். காய்ச்சல் சரியாக எந்த நாள் தொடங்கியது? மருத்துவருக்கு அது முக்கியம். சாப்பிடுகிறாளா, எழுந்து நடக்கிறாளா? அவள் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்திராணி


திருநெல்வேலி
27.8.2025

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்களும் அண்ணாச்சியும் நலம்தானே. நேற்றுச் சுத்திகரிப்பு முடிந்ததா? அவருக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. பக்குவமாகச் சொல்லுங்கள்.

எழிலை நேற்றுத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்துவிட்டோம். டெங்கி இல்லை. என்ன காய்ச்சல் என்று இங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பெண் டாக்டர் உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, முழங்காலுக்குப் பின்னால் ஒரு கறுத்த புண்ணைக் காட்டினார். சிகரெட் நெருப்பு பட்டதுபோல் இருந்தது. வலிக்காதாம், அதனால் எழிலுக்கே தெரியவில்லை. "இது உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி, புதர்ல இருக்கும். எங்கயாச்சும் புல்லுல உக்காந்தாங்களா?" என்று கேட்டார். ஒன்பதாம் தேதி ஸ்வாதியும் எழிலும் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்துக்குப் படம் எடுக்கப் போனார்கள். வரப்போரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்களாம். கடித்துப் பத்து நாள் கழித்துத்தான் காட்டுமாம்.

இதற்கு மருந்து இருக்கிறது, ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. அதற்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கையில் ஊசி ஏறுவதால் எழுத முடியவில்லை. "அம்மாவ பயமுறுத்தாதீங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாண வேலையை இவர் பார்த்துக்கொள்கிறார். போலீஸில் முப்பத்தைந்து வருஷம் பந்தோபஸ்து பார்த்தவருக்கு இது பெரிதில்லை. உங்கள் உடம்பையும் கவனியுங்கள்.

கோமதியம்மாள்


தைப்பிங்
28.8.2025

கோமதியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். என் கணவருக்கு இன்று சுத்திகரிப்பு. அந்த நான்கு மணி நேரம் வெளியே அமர்ந்து இதை எழுதுகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். "நீ போ, நான் டாக்சி எடுத்துக்கிறேன்" என்கிறார்; அவர் உதட்டசைவு எனக்குப் புரியும். அவரால் படி இறங்க முடியாது.

இந்தக் காய்ச்சலைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சீக்கிரம் மாத்திரை கொடுத்தால் இரண்டே நாளில் அடங்கிவிடும் என்று போட்டிருக்கிறது. தாமதமானால் நுரையீரலுக்குப் போகும் என்றும் போட்டிருக்கிறது. எழிலுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணுக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்? காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை.

உங்கள் மகள் திருமணம் நல்லபடி நடக்கட்டும்.

இந்திராணி


தைப்பிங்
1.9.2025

கோமதியம்மாள் அவர்களுக்கு,

நலம் கேட்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். கடிதம் அனுப்பி நான்கு நாள் ஆகிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை. ஸ்வாதிக்கும் எழுதினேன். "அம்மா எழுதுவாங்க ஆன்ட்டி" என்று ஒரு வரி அனுப்பினாள். ஏன் எல்லோரும் இன்னொருவர் எழுதுவார் என்கிறீர்கள்?

நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். எந்தச் செய்தியையும் தாங்குவேன். செய்தி வராததைத்தான் தாங்க முடியவில்லை.

என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரே வார்த்தை எழுதுங்கள்.

இந்திராணி


திருநெல்வேலி
1.9.2025

அன்புள்ள அக்கா,

இருக்கிறாள். இருக்கிறாள்.

உங்களை அக்கா என்று எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் எழிலுக்கு மூச்சு மிகவும் மோசமாகிவிட்டது. தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷின் வைத்திருக்கிறார்கள். அன்று முதல் மயக்க மருந்தில் தூங்குகிறாள். மூன்று தடவை உங்களுக்கு எழுதினேன். மூன்று தாளையும் கிழித்துவிட்டேன். நாளைக்கு நல்ல சேதியாக எழுதலாம் என்று நாளைத் தள்ளினேன். அது தப்பு.

மெஷின் வைக்கும்போது கையெழுத்துக் கேட்டார்கள். "நீங்க பேஷண்டுக்கு யாரு?" என்றார் டாக்டர். "சித்தி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டேன். கேட்க நேரம் இல்லை.

நேற்று முதல் மருந்து பிடிக்கிறது என்கிறார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. மூத்திரம் நன்றாகப் போகிறது, கிட்னிக்கு ஒன்றும் இல்லை. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள். தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. நர்ஸம்மாவிடம் கேட்டுச் சீவி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். உள்ளங்கையில் விரலை வைத்தால் லேசாக மடக்குகிறாள்.

வியாழக்கிழமை தென்காசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வேல்ராஜ் பட்டாளத்தில் இருக்கிறார். லீவு இருபத்திரண்டாம் தேதியோடு சரி. அதனால் தள்ளிவைக்க முடியாது. நான் விடியற்காலையில் போய்த் தாலி கட்டியதும் திரும்பிவிடுவேன். அதுவரை இவருடைய அண்ணன் மகள் மஞ்சு இங்கே இருப்பாள். அவளும் நர்ஸுக்குத்தான் படிக்கிறாள்.

அண்ணாச்சியை விட்டுவிட்டு நீங்கள் வர முடியாதது எனக்குப் புரியாமல் இல்லை. இனித் தினமும் ஒரு வரியாவது எழுதுவேன்.

கோமதி


திருநெல்வேலி
5.9.2025

அன்புள்ள அக்கா,

இன்றைக்குத்தான் உங்கள் சுகத்தை மனசாரக் கேட்கிறேன். நேற்று ஒரு வரி அனுப்பினேனே, குழாயை எடுத்துவிட்டார்கள் என்று. இப்போது விவரமாக எழுதுகிறேன். நேற்றுக் காலை ஏழரைக்கு எடுத்தார்கள். எடுத்ததும் ரொம்ப இருமினாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "தானா மூச்சு விடுறா, திரும்ப மாட்ட வேண்டாம்" என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். என்னை உள்ளே விட்டார்கள். தொண்டை புண்ணாகிக் குரலே வரவில்லை. உதட்டசைவில் "அம்மா" என்றாள். உங்களைத்தான். "அம்மாவுக்கு எழுதிட்டேன் தாயி" என்றேன்.

இன்று நாலு கரண்டி கஞ்சி குடித்தாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கோமதி


தைப்பிங்
6.9.2025

அன்புத் தங்கை கோமதிக்கு,

உங்கள் கடிதத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் காதுக்குக் கேட்காத என் குரலில்தான் வாசித்தேன். அவர் அழுததைப் பார்த்தேன். இருவரும் இரண்டு வாரத்துக்குப் பிறகு சோற்றை ருசித்துச் சாப்பிட்டோம்.

நீங்கள் போட்ட கையெழுத்து நான் போட்டதுதான். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஸ்வாதிக்கும் வேல்ராஜுக்கும் எங்கள் ஆசி. மணமக்களோடு நீங்கள் நிற்கிற படம் ஒன்று அனுப்புங்கள். என் பிள்ளைக்குச் சித்தியாக நின்றவரின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்திராணி


தைப்பிங்
12.10.2025

அன்புத் தங்கை கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். எழில் வீடு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உங்கள் வீட்டில் பதினைந்து நாள் வைத்து நடக்கவைத்து, திருவனந்தபுரம் வரை வந்து விமானம் ஏற்றிவிட்டீர்கள். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. முடி மட்டும் கொட்டுகிறது.

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். படம் கேட்டேன், நீங்கள் அனுப்பவில்லை. எழிலின் கைப்பேசியில் ஸ்வாதி அனுப்பிய திருமணப் படங்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தேன். பெண்ணின் அப்பா பக்கத்தில் தாரை வார்க்க நிற்பவர் நீங்கள்தானா என்று எழிலைக் கேட்டேன், இல்லை என்றாள். நீங்கள் எங்கே என்று கேட்டால் அழுகிறாள். "ஆன்ட்டி சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்கம்மா" என்கிறாள்.

இன்னொன்று. மருத்துவமனை கொடுத்த தாளில், சேர்ப்பதற்கு முன் ஐந்து நாள் காய்ச்சல் என்று இருக்கிறது. நீங்கள் இரண்டு நாள் என்று எழுதினீர்கள். எழிலிடம் கேட்டால் நினைவில்லை என்கிறாள். என் மகளுக்குப் பொய் சொல்ல வராது.

உங்களுக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. கோபமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையை எழுதுங்கள்.

இந்திராணி


மேலகரம்
26.10.2025

அக்காவுக்கு,

அண்ணாச்சி, நீங்கள், எழில் மூவரும் நலமாக இருக்க வேண்டும். எழிலுக்குக் கறிவேப்பிலை அரைத்துக் கொடுங்கள், முடி வந்துவிடும்.

ஸ்வாதி ஆகஸ்டு பதினாறாம் தேதி பெங்களூருக்குப் போனாள், கோலாலம்பூரிலிருந்து வந்தபின் சேர்ந்த ஆபீஸில் வேலையை ஒப்படைத்துவிட்டு வர. போகும்போது, "எம்மா, எழில பாத்துக்கோ, அவளுக்கு இங்கன யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் எழில் நடுங்கிக்கொண்டு வந்து படுத்தாள். அருவித் தண்ணீர் சேரவில்லை என்று நினைத்துச் சுக்குக் கஷாயமும் மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் சுரண்டைக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். அதற்கு அடுத்த நாள் ஜவுளி. காலையில் அவள் அறையை எட்டிப் பார்ப்பேன், ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைப்பேன், போய்விடுவேன். வியாழக்கிழமை, "தலை ரொம்ப வலிக்குது ஆன்ட்டி" என்றாள். தைலம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன் உருக்கும் நாள். வீடு நிறைய ஆள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். "ஹாஸ்பிட்டல் போலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் கையில் தாம்பாளத்தோடு நின்றேன். "நாளைக்கு ஸ்வாதி வந்திருவா தாயி, அவ கூட்டிட்டுப் போவா" என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இரண்டாவது முறை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஸ்வாதி வந்து நெற்றியைத் தொட்டவள், பையைக்கூட இறக்கிவைக்காமல் ஆட்டோ பிடித்தாள். "எத்தன நாளாம்மா இருக்கு?" என்று கேட்டாள். ரெண்டு நாள் என்றேன். அந்தப் பொய்யைத்தான் உங்களுக்கும் எழுதினேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

கல்யாணத்தன்று போகக்கூடாது என்று நான் நினைக்கவில்லை அக்கா. நாலு மணிக்குக் குளித்து, ஆஸ்பத்திரிக் குளியலறையிலேயே பட்டுப்புடவை கட்டிவிட்டேன். கார் கீழே நின்றது. மஞ்சுவும் வந்துவிட்டாள். ஐந்து மணிக்கு டாக்டர் வந்து, "இன்னைக்குக் குழாயை எடுத்துப் பாக்கப் போறோம், ஒத்துக்கலன்னா மறுபடி போடணும், ஒருத்தர் இருங்க" என்றார். "நான் இருக்கேன் சித்தி, நீங்க போங்க" என்று மஞ்சு என்னைப் பிடித்துத் தள்ளினாள். மாடிப்படி வரைக்கும் போனேன். நாளைக்கு ஒருத்தி வருவாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு தடவை இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். திரும்பவும் அதையே செய்யக் கால் வரவில்லை. மஞ்சுவைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இவருடைய தங்கை ஆவுடைத்தாய் என் இடத்தில் நின்றாள்.

ஸ்வாதிக்கு இந்தக் காரணம் தெரியாது. மறுவீட்டுக்கு வந்தபோது, "மஞ்சு இருந்தால்லா. மூணு மணி நேரம் உன்னால வர முடியலயா? அவ என் பிரண்டு, எனக்கு இல்லாத அக்கறையா உனக்கு?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னால், தன் சிநேகிதியை இப்படிப் போட்டுவிட்டேனே என்று என்னை வெறுப்பாள். சொல்லாவிட்டால், பெற்ற மகளைவிட எதுவோ பெரிது என்று நினைப்பாள். சும்மா இருந்துவிட்டேன். இப்போது பதான்கோட்டில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். அப்பாவிடம் பேசுகிறாள். என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை.

உங்கள் மகளை நீங்கள் என்னை நம்பி அனுப்பவில்லை. ஆனால் என் வீட்டில் இருந்தாள். நீங்கள் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்.

கோமதி


தைப்பிங்
20.11.2025

அன்புத் தங்கை கோமதிக்கு,

உங்களுக்குப் பதில் எழுத இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. எல்லோரும் நலம். என் கோபத்தினால் தாமதம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் இரண்டு நாள் அது உண்மை.

மூன்றாம் நாள் என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டு பத்தொன்பது, காலை ஒன்பது மணி. "அம்மா, ராத்திரியிலிருந்து காய்ச்சலா இருக்கு" என்று எழில் எழுதியிருக்கிறாள். நான் எழுதிய பதில்: "அருவியில் ஆட்டம் போட்டால் அப்படித்தான். பனடோல் போடு." இருபத்தொன்றாம் தேதி, "இன்னும் விடல" என்கிறாள். அன்று வியாழன், அவரைச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகும் அவசரம். ஒரு கைகூப்புப் படம் அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான். டாக்டரிடம் போ என்று நான் எழுதவில்லை.

காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்று உங்களை இரண்டு முறை கேட்டேன். எனக்குத் தெரிந்த பதிலைத்தான் கேட்டேன். நீங்கள் எழுதிவிட்டால் குற்றம் முழுவதும் உங்களுடையதாகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து நாள் ஆகவில்லை. எழுதத்தான் ஆனது.

இதை எழிலிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கோபித்துக்கொண்டாள், ஒரு நாள் முழுக்க. அதற்கு மறுநாள் வழக்கம்போல் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

ஸ்வாதியிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லித் தருவதாக நினைக்காதீர்கள். உங்கள் மகள் தெரியாத ஒன்றுக்காக உங்கள்மேல் வருத்தமாக இருக்கிறாள். தெரிந்த ஒன்றுக்காகக் கோபப்படட்டும்.

அக்கா இந்திராணி


மேலகரம்
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், அண்ணாச்சி, எழில் யாவரும் நலமாக இருப்பீர்கள். இங்கே ஒரு வாரமாக அடைமழை. இவருக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

ஸ்வாதியிடம் சொன்னேன். இவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நானே கையை நீட்டி வாங்கினேன். திங்கட்கிழமை தொடங்கி, அடுக்களை வாசல், கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு மாடிப்படியிலிருந்து திரும்பியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு, "எழில் உங்கிட்ட வாயத் தொறந்து கேட்டாளாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அப்பாவுக்கும் பேசவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இவரிடம், "நாம ஒரு எட்டு பதான்கோட்டுக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். "அவ கூப்பிடலியே கோமதி" என்றார். கூப்பிடாவிட்டாலும் போய் வாசலில் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளிடம் வருகிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. டிக்கெட்டும் எடுக்கவில்லை.

முந்தாநாள் காலையில் என் போன் அடித்தது. அப்பா போன் இல்லை, என் போன். நான் ஹலோ சொல்லவும் விடவில்லை.

"இங்கன குளுரு ஜாஸ்தி. ஸ்வெட்டர் இல்லாம வந்துராத" என்றாள்.

"எப்பம் வரணும் தாயி?" என்று கேட்டேன். "வரும்போது அந்தப் பட்டுப்புடவைய எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை அக்கா. நேற்றும் இன்றும் தென்காசி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். இந்த ஊரில் ஸ்வெட்டர் கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. கடைசியில் ஒரு கடையில் பரண்மேலிருந்து தூசி தட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெரிது. செவ்வாய்க்கிழமை புறப்படுகிறோம்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். அவள் என்ன சொல்வாளோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

தங்கை கோமதி